பேசாது போனவரின் பொருள்

மனிதன் இறக்கின்றான், அவன் தேடிய பொருள் இறப்பதில்லை. வீடும் வயலும் வங்கிப் பணமும் உரியவனை இழந்து நிற்கையில், 'இனி இவை யாருக்குரியன?' என்னும் வினா எழுகின்றது. மரணசாசனம் இருப்பின் இறந்தவரே விடை கூறிச் சென்றவராவர். அஃது இல்லாதவிடத்து அவருக்காகப் பேச எவருக்கு உரிமை உண்டு? சட்டவினாவாகத் தோன்றும் இஃது ஓர் அறவினாவுமாகும்.

எமது நாட்டிலே, மரணசாசனமின்றி இறந்தவரின் ஆதனம் சட்டம் குறித்த பெறுமதிக்கு மேற்பட்டதாயின், அதனை நிருவகிக்க முன்வருவோர் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்தல் வேண்டும். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இதற்கு வழி வகுத்தது. ஆதன விபரமும் உரித்தாளர் பெயர்களும் மனுவிலே கூறப்படும். சத்தியக் கடதாசி அவற்றை உறுதிப்படுத்தும். நியமிக்கப்படும் நிருவாகி ஆதனத்தின் உடைமையாளன் ஆகிவிடுவதில்லை. அவன் கடன்களைத் தீர்த்து, கணக்கை மன்றுக்குக் காட்டி, எஞ்சியதை உரியோருக்குப் பகிரக் கடமைப்பட்டவன்.

உடன்பிறந்தாரின் பெயர்களை எதிர்மனுதாரர் என்ற தலைப்பின்கீழ்க் காண்கையில் மனம் நோவோர் பலர். 'குடும்ப விடயத்தைக் கோட்டுக்கு இழுப்பதா?' என்பர். ஆயின் அவ்வாறு பெயர் குறிக்கப்படுவதனாலேயே அவர்களுக்கு அறிவித்தல் கிடைக்கின்றது. மன்றிலே தோன்றிப் பேசவும் இடமுண்டாகின்றது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலே ஒருவர், தம் விருப்பத்துக்கு மாறாக மணம் புரிந்த மகளுக்குச் சீதனம் கொடாது, பேச்சும் இன்றி இருந்து இறக்கின்றார். மனுச் செய்யும் மகன், 'ஐயாவின் மனம் எனக்குத் தெரியும். அக்காவின் பெயர் எதற்கு?' என எண்ணுகின்றான். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, சீதனம் பெற்ற மகளே பெற்றோரின் முதுசத்தில் உரிமை இழப்பாள். சீதனம் மறுக்கப்பட்டவளின் உரிமையோ அழியாது நிற்கின்றது. தண்டனையாகக் கருதப்பட்டதே அவளுக்குக் காப்பாகின்றது!

தந்தையின் கோபத்தை மகன் சாட்சியாகக் காட்டலாம். ஆனால் அக்கோபத்தைச் சாசனமாக எழுதிவைக்க அவருக்குப் பல்லாண்டுகள் இருந்தன, அவர் எழுதினாரல்லர். அது மறதியோ, தயக்கமோ, சொல்லப்படாத மன்னிப்போ, எவரறிவார்? அறிய இயலாத மௌனத்துக்குத் தனக்கு இலாபமான பொருளைக் கற்பித்தல், இறந்தவரின் பெயரால் தானே சாசனம் எழுதுவதை ஒக்கும்.

ஊர்ப் பெரியோர் கூடி இணக்கம் காண்பது மேலன்றோ என வினவலாம். மேலே, ஆயின் அவ்விணக்கத்திலும் அக்காவுக்கு இருக்கை இடப்படல் வேண்டும். அவளது பங்கு எவ்வளவென்பது பின்னர்த் தீர்மானிக்கப்படட்டும். அவள் பெயரை மறைக்கும் உரிமை எவருக்குமில்லை.

எனவே, மனுவை வரையும் மகனின் நேர்மை சோதிக்கப்படும் இடம் உரித்தாளர் பட்டியலேயாகும். மறக்க விரும்பும் பெயரையும் தன் கையாலேயே அவன் அங்கு எழுதுவானாயின், தந்தைக்குச் செய்யவேண்டிய கடனில் ஒரு பகுதியைச் செய்தவனாவான்.