மிதிபடாத மண்



புரட்டாதி பிறந்துவிட்டால் எமது கமக்காரர் மாரித் தோட்டத்துக்கு ஆயத்தம் செய்யத் தொடங்குவர். கோடைக்குத் தாழ்ந்த பாத்தி, மாரிக்கு உயர்ந்த பாத்தி என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட முறை. கோடையில் இறைக்கும் நீர் பாத்தியில் தங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கி நின்றாலோ கத்தரியும் மிளகாயும் வேரழுகிச் சாகும். எனவே மண்ணை அரை அடி தொடக்கம் 1 அடி வரை உயர்த்தி மேட்டுப் பாத்தி அமைக்கிறார்கள்.

நீளம் காணியைப் பொறுத்தது. அகலமோ 3 அல்லது 4 அடிக்கு மேற்படக் கூடாது. வழியில் இருந்தபடியே கையை நீட்டினால் பாத்தியின் நடுப்பகுதி எட்ட வேண்டும் என்பதே காரணம். களை பிடுங்குவதும் பசளை இடுவதும் காய் பறிப்பதும் வெளியில் இருந்தே நடைபெறும். பாத்திக்குள் கால் வைப்பதில்லை. கால்பட்ட மண் இறுகும், இறுகிய மண்ணில் காற்றும் நீரும் புகா, வேர் இறங்காது.

விதைப்பவன் உவமையை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவருமே எழுதியுள்ளனர். வழியோரம் விழுந்த விதையைப் பறவைகள் தின்றன என்று மூவரும் கூறுகின்றனர். ஆனால் அந்த விதை மிதிபட்டது என்ற ஒரு செய்தியை லூக்கா மட்டுமே சேர்க்கிறார் (லூக். 8:5). சிறிய சொல்தான், ஆயினும் நாம் நின்று சிந்திக்க வேண்டிய சொல்.

வழியோரத்து மண் வேறு இனத்து மண்ணா? அல்ல. வயலில் உள்ள அதே மண்தான். பலர் நடந்து நடந்து அதை வழியாக்கிவிட்டார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ வீடுகளின் முற்றங்களில் பாத்திகள் எழுந்தன. அரசாங்க ஊழியருக்கு வீட்டுத்தோட்டம் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. நெருக்கடி தணிந்தபின் கைவிடப்பட்ட பாத்தி ஒன்றைப் பாருங்கள். கிணற்றடிக்குக் குறுக்குவழி தேடிய கால்கள் அதன்மேல் ஒற்றையடிப் பாதை போட்டிருக்கும். அங்கே இன்று விதை போட்டால் அது மேலேயே கிடக்கும்; காகமும் கோழியும் அதை விடா. பறவை வருமுன்னே கால் வந்துவிட்டது!

இறைவார்த்தையை அலகை வந்து எடுத்துச் செல்கிறது என்று ஆண்டவரே உவமையை விளக்குகிறார். அப்படியாயின், அந்த உள்ளத்தை மிதித்து இறுக்கி அலகைக்கு வேலையை இலகுவாக்கிக் கொடுத்தவர் யார்?

“அவன் கல்நெஞ்சன், கோவில் பக்கமே வருவதில்லை” என்று ஒருவனைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவன் கல்லாகவா பிறந்தான்? “நீ ஒன்றுக்கும் உதவாய், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்” என்ற சொல்லை நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளையின் உள்ளம் மிதிபடுகிறது. குடித்துவிட்டு வருபவனின் வசையைப் பிள்ளைகள் முன்னிலையில் கேட்கும் மனைவியின் உள்ளம் மிதிபடுகிறது. 2009ஆம் ஆண்டு முடிந்த போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், “இன்னும் ஏன் அழுகிறாய், மறந்துவிடு” என்கிறவர் ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டே மிதிக்கிறார். திருவிழா வேலைகளைப் பங்கிடும்போது குலம் பார்க்கிறவர் கோவிலுக்குள்ளேயே மிதிக்கிறார். குருவானவரின் கடுஞ்சொல்லும் இதற்கு விலக்கன்று.

நல்ல புல்லை மேய்ந்தபின் எஞ்சியதைக் காலால் மிதித்து, தெளிந்த நீரைக் குடித்தபின் மிச்சத்தைக் கலக்கிவிடும் கொழுத்த ஆடுகளை எசேக்கியேல் இறைவாக்கினர் வாயிலாக இறைவன் கண்டிக்கிறார் (எசேக். 34). மெலிந்த ஆடுகளுக்கு எஞ்சியது மிதிபட்ட மேய்ச்சல்தானே!

பிள்ளையைத் திருத்தவே கூடாதா என்று பெற்றோர் கேட்கலாம். களை பிடுங்காத பாத்தி காடாகும்; திருத்தத்தான் வேண்டும். ஆனால் கமக்காரன் எப்படிக் களை பிடுங்குகிறான்? வழியில் குந்தியிருந்து, கை நீட்டி, பயிரின் வேர் அசையாமல் களையை மட்டும் எடுக்கிறான். தவற்றைக் கண்டியுங்கள், பிள்ளையை இழிவு செய்யாதீர்கள். பிறர் முன்னிலையில் அல்ல, தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இறுகிவிட்ட மண்ணுக்கும் வழி உண்டு. மண்வெட்டியால் கொத்தி, பூவரசங் குழையும் சீமைக்கிளுவைக் குழையும் தாழ்த்தி, மாட்டெரு இட்டு, மக்கும்வரை பொறுத்திருந்தால் அது மீண்டும் பொலபொலப்பாகும். 3 ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்துக்காக அந்தத் தோட்டக்காரன் கேட்டதும் இதுதான்: இன்னும் ஓராண்டு, சுற்றிக் கொத்தி எருவிட அனுமதி (லூக். 13). மிதிபட்ட உள்ளமும் ஒரு நாளில் இளகாது. ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாளே முகமலர்ச்சியை எதிர்பார்ப்பது குழை தாழ்த்திய அன்றே காய் தேடுவதாகும்.

எனவே இந்த மாரிக்கு ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு மேட்டுப் பாத்தியாவது போடுங்கள். கத்தரியோ, வெண்டியோ, கீரையோ நடுங்கள். பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும், நாம் யாருடைய உள்ளத்தின்மேல் நிற்கிறோம் என்று எம்மையே கேட்போம். முதற் காய்களைக் கொண்டுபோய் அவரிடமே கொடுப்போம். அந்த வாசலில் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், காயை நீட்டிய கையே பேசட்டும்.

உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள் மதலேன் மரியாள். அழுதுகொண்டிருந்த அவளை அவர் கடிந்துகொள்ளவில்லை. பெயர் சொல்லி அழைத்தார். அந்தத் தோட்டக்காரர் எமது உள்ளங்களையும் கொத்தி இளக்குவாராக. ஆமென்.