ஆபிரகாமின் மக்கள் யார்?

உழைத்து ஈட்ட வேண்டாததும், இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தைத் தராததுமான செல்வம் ஒன்று உண்டென்றால், அது முன்னோர் பெருமையே. யோர்தான் நதிக்கரையில் ஞானஸ்நானம் கொடுத்துவந்த யோவான், ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்னும் நினைப்போடு வந்தவர்களை நோக்கி, இந்தக் கற்களிலிருந்தும் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை எழுப்பக் கடவுள் வல்லவர் என்று கடிந்துரைத்தபோது, அந்தச் செல்வம் செல்லாக்காசாயிற்று. மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளையே அவர் கேட்டார்.

பென்யமீன் கோத்திரம், எட்டாம் நாள் விருத்தசேதனம், பரிசேய ஆசாரம் ஆகிய எல்லாச் சிறப்பும் தமக்கு உண்டென்று வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டு, கிறிஸ்துவுக்காக அவை அனைத்தையும் நஷ்டமென்று தள்ளியவர் பவுல். ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுவதற்கு முன்னரே அவரது விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டதால், அந்த விசுவாசத்தின் வழி நடப்பவர் எக்குலத்தவராயினும் அவருடைய மக்களே என்பது அவர் வாதம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு அமர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டபோது, தலைமை அப்போஸ்தலர் என்றும் பாராமல் எல்லார் முன்னிலையிலும் பவுல் அவரைக் கண்டித்தார். தத்துவத்தில் ஒப்புக்கொண்ட சமத்துவம் பந்தியில் தோற்றுப்போவதை அவர் பொறுக்கவில்லை.

எனினும், யூதகுலத்தை இகழ்வதற்கு இதில் இடமில்லை. காட்டொலிவக் கிளை நல்லொலிவ மரத்தில் ஒட்டப்பட்டால், வேரே கிளையைத் தாங்குகிறதன்றிக் கிளை வேரைத் தாங்குவதில்லை என்று புறஜாதிக் கிறிஸ்தவரையும் பவுல் எச்சரித்தார். பிற்காலத்தார் அதை மறந்தனர். 1449-இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில், யூத வம்சத்திலிருந்து வந்த கிறிஸ்தவர் பதவி வகிக்கலாகாதென்று விதி செய்தபோது, போப் ஐந்தாம் நிக்கோலாஸ் அதே ஆண்டில் கண்டித்தும், இரத்தத் தூய்மை என்னும் அந்தப் பித்து அடங்கவில்லை. தன் இரண்டாம் தலைவரான தியேகோ லாயினெஸையே அத்தகைய குடும்பத்திலிருந்து பெற்ற இயேசு சபையும், 1593-இல் யூத, இஸ்லாமிய வம்சத்தாருக்குக் கதவடைத்தது. பின்னர் சற்றுத் தளர்ந்த அத்தடை முற்றிலும் நீங்கியது 1946-இல்தான்.

நம் நாட்டிலும் அந்நோய் வேறு பெயரில் குடிகொண்டது. சாதி வேற்றுமையைச் சபைக்குள் கைவிட வேண்டுமென்று கல்கத்தா பேராயர் டானியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டனர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கித் தொழுதவர்களை இருசாராராகப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

குலத்துக்குப் பதிலாகக் குணத்தை அளவுகோலாகக் கொண்டால், நல்லொழுக்கமுடையோர் என்று ஒரு புதுச் சாதி முளைக்காதா என்று கேட்கலாம். முளைக்கத்தான் செய்யும், குணத்தைத் தன் சம்பாத்தியமென்று ஒருவன் எண்ணும் வரையில். அன்பும் பொறுமையும் சாந்தமும் ஆவியின் கனிகளென்று அறிந்தவனுக்கோ, அவற்றைக் காட்டிப் பிறனைத் தாழ்த்தும் உரிமை இல்லை. முன்னோரை அவமதிப்பதும் இந்நெறியன்று. கிரேக்கத் தந்தைக்குப் பிறந்த தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் விளங்கிய விசுவாசத்தைப் பவுல் பரிவோடு நினைவுகூர்கிறார். முன்னோர் வழிகாட்டலாம், பிணை நிற்க முடியாது.

ஆகவே, எத்தனை தலைமுறையாகக் கிறிஸ்தவர் என்று கணக்கிடும் குடும்பங்கள், தம் பந்தியில் யாரை அருகே அமர்த்துகிறோம், யார் வீட்டில் பெண் கொடுக்கத் தயங்குகிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடட்டும். ஆபிரகாமின் மக்கள் யார் என்னும் வினாவுக்கு உண்மையான விடை அங்கேதான் கிடைக்கும்.