கேடயம் இல்லாத கரை

விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத நாள் ஒன்றில் நாம் கோட்டைப்பட்டினம் சென்றிருந்தோம். கரையோரம் அமர்ந்து ஒரு சிறுவன் கைப்பேசியில் ஊர் கட்டிக்கொண்டிருந்தான். 2012-ஆம் ஆண்டு பின்லாந்து நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ என்னும் விளையாட்டு அது. அதில் பொன் எளிதாகக் கிடைக்கும். ‘கரிய அமுதம்’ என்பது மட்டும் அரிது. அதைப் பெறும் வழியை வினவினோம். பொறி நிறுவிச் சொட்டுச் சொட்டாய்ச் சேரும்வரை காத்திருக்கலாம். பணம் கொடுத்தும் பெறலாம். பிறர் ஊரைத் தாக்கிக் கவரலாம். “கொள்ளையடிச்சாத்தான் சீக்கிரம் சேரும், ஃபாதர்” என்றான் அவன்.

விளையாட்டில் இது குற்றமன்று. இழப்பவனும் விதியை அறிந்தே ஆடுகிறான். அவன் வீட்டில் அடுப்பு அணைவதில்லை. கொள்ளை போன ஊருக்குச் சில மணி நேரம் ‘கேடயம்’ என்னும் பாதுகாப்பும் உண்டு. ஆயினும் அவன் சொல் நம் உள்ளத்தை உறுத்தியது. ஏனெனில், எதிரே பாக் நீரிணை விரிந்து கிடந்தது.

இக்கடலின் அரிய பொருள் இறால். 1974-இல் இரு நாடுகளும் இங்கே எல்லை வகுத்தன. 2009 வரை நீடித்த போரினால் இலங்கையின் வட பகுதி மீனவர் கடலில் இறங்க இயலாதிருந்த காலத்தில், நம் விசைப்படகுகள் அவர்தம் கடலுக்குப் பழகின. போர் ஓய்ந்து அவர்கள் திரும்பியபோது, நம் இழுவை மடிகளில் அவர்களுடைய வலைகள் அறுபட்டன. 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. எல்லை கடக்கும் நம்மவரோ சிறைப்படுகின்றனர். படகை இழந்து கடனில் மூழ்குகின்றனர்.

“வயிற்றுக்காகத்தானே போகிறோம்?” என்பர் அவர்கள். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. கடுந்தேவையில் வாடுபவன் பிறர் பொருளை எடுத்துப் பிழைத்தல் திருட்டாகாது என்றார் தூய தோமா அக்குவினார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் இவ்வுரிமையை வலியுறுத்தியது. ஆனால், அறநெறி வல்லுநர் இதற்கு ஓர் எல்லையும் வகுத்தனர்: இழப்பவனும் அதே கடுந்தேவையில் இருப்பானாயின் அவ்வுரிமை இல்லை. அக்கரையில் இழப்பவன் யார்? நம்மைவிடச் சிறிய படகில் வரும் தமிழ் மீனவனே அல்லனோ!

கரையில் நின்று தீர்ப்பளிக்கும் தகுதி நமக்கு உண்டா என்பதும் கேள்வியே. ஏற்றுமதிக்காக இழுவை மடியை ஊக்குவித்தவை அரசுகள். விலை மலிந்த இறாலை எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கியவர்கள் நாம். பங்குக்குச் செல்லும் கூலி மீனவன் தலையில் மட்டும் பாவத்தைச் சுமத்துவது நீதியாகாது. இழுவைப் படகுகளை மாற்ற 2017-இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. அதற்கும் கடன் சுமக்க வேண்டியிருந்தது.

எனினும் காத்திருக்கும் அறம் இக்கரைக்குப் புதிதன்று. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகள் செல்ல, ஏனைய நாள்களை நாட்டுப்படகுகளுக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் இங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன் இனத்திற்கும் ஓய்வு தருகிறோம். இக்கரையின் ஏழைக்கும் கடலின் மீனுக்கும் கேடயம் தந்த நாம், அக்கரைச் சகோதரனுக்கு மட்டும் அதை மறுக்கலாமா? அவனுக்கு அதைத் தரும் செலவை மீனவன் தலையில் மட்டும் கட்டாது, இறால் உண்ணும் நாமும் பகிர முன்வருவோமா?