அடுத்தவர் முறை

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் தலவரலாற்றில் ஒரு பசித்த முனிவர் வருகிறார். சாலிஹோத்திரர் என்று பெயர். ஓராண்டு உண்ணாநோன்பு இருப்பார். தை அமாவாசை முடிந்ததும், சிந்திக் கிடக்கும் நெல்மணிகளைப் பொறுக்கி, குத்தி, மாவாக்கி, பெருமாளுக்குப் படைத்துவிட்டுப் பங்கு பிரிப்பார். விருந்தாளி ஒருவருக்குக் கொடுத்த பிறகே தான் உண்பது என்பது அவர் வைத்துக்கொண்ட விரதம். கிழவர் ஒருவர் வந்தார். தன் பங்கைத் தின்றார், பசி அடங்கவில்லை என்றார். முனிவர் தன் பங்கையும் எடுத்து வைத்தார். அதுவும் தீர்ந்தது, கிழவர் போய்விட்டார். முனிவர் வெறும் வயிற்றோடு அடுத்த ஓராண்டு நோன்பைத் தொடங்கினார். மறு தை அமாவாசைக்கும் அதே கிழவர், அதே பசி. இந்த முறை தின்று முடித்து, "களைப்பாக இருக்கிறது, எங்கே படுக்கட்டும்?" என்றும் கேட்டார். முனிவர் தன் குடிலைக் காட்டினார். உள்ளே போய்ப் படுத்தவர் பெருமாள்.

கதை சொல்பவர்கள் எல்லோரும் கடைசிக் காட்சிக்கு ஓடிவிடுகிறார்கள். பள்ளிகொண்ட பெருமாள், முனிவரின் தலைமேல் வைத்த வலக்கை, நோய் தீர வேண்டி ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லம் கரைக்கும் கூட்டம். அழகுதான். ஆனால் எனக்கு அந்த இரண்டு அமாவாசைகளுக்கு நடுவில் கிடக்கும் வருடத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. தலவரலாறு அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முனிவர் அந்தக் கிழவரை நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தாரா? ஊர் முழுக்கச் சொல்லிப் புலம்பினாரா? இனி விருந்தாளி வந்தால் பார்த்துத்தான் இலை போட வேண்டும் என்று முடிவெடுத்தாரா? தெரிந்தது ஒன்றே. மறுவருடமும் பங்கு பிரித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கொடுப்பது ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. கொடுத்த பின் வரும் வெறுங்கை நாட்களைக் கசப்பில்லாமல் கடப்பது நீண்ட வேலை. அந்த வேலையை ஓர் ஊரே சேர்ந்து செய்யுமா என்று கேட்டால், இதே மாவட்டத்தின் கிழக்கு எல்லையைக் காட்டலாம்.

பொன்னேரியிலிருந்து கிழக்கே போனால் சாலை பழவேற்காட்டில் முடிகிறது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தெற்கு முனை மட்டும் நம் பக்கம். ஆரணி ஆறு வந்து சேர்கிறது, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது, குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது.

ஏரிக்குள் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் ஓடும் சில இடங்களில்தான் இறால் திரண்டு வரும். கொஞ்சம் தள்ளி வலை கட்டினால் கூலிக்குக்கூடத் தேறாது. வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் பட்டினி. இதற்குப் பழவேற்காட்டு மீனவர்கள் கண்ட வழி பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் நாள் முறை வைத்துக்கொண்டு பாட்டு இடங்களில் வலை கட்டுகின்றன. ஓர் ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போலச் சீட்டுப் போட்டு வலை கட்டும் இடங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் இதை வள மேலாண்மை என்று எழுதுகிறார்கள். சரிதான். எனக்கு இது ஒரு தியான முறையாகவும் தோன்றுகிறது. கோயிலில் திருவுளச்சீட்டுப் போடும்போது நாம் என்ன செய்கிறோம்? நம் விருப்பத்தை ஒரு நிமிடம் ஓரமாக வைக்கிறோம். பாட்டுச் சீட்டும் அதைத்தான் செய்கிறது. நல்ல இடம் விழுந்தவர் தன் சாமர்த்தியம் என்று மார்தட்ட முடியாது. மோசமான இடம் விழுந்தவர் அடுத்த வீட்டுக்காரரைச் சபிக்க முடியாது. இருவரும் அதே கரையில்தான் நாளைக்கும் நிற்க வேண்டும்.

இதில் என்னை ஈர்ப்பது வலை கட்டும் நாளைவிட, வலை கட்டாத நாள். அன்று வேறு வலையோடு கடலுக்குப் போகலாம், வலைக் கிழிசல் பார்க்கலாம், மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நேற்று தான் வலை கட்டிய அதே நீரில் இன்று இன்னொருவர் கட்டுகிறார். கூடை நிறைந்து வருகிறது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று கட்டியிருந்தால் அத்தனையும் எனக்கல்லவா என்று மனம் கேட்கும், கேட்காத மனம் கிடையாது. கேட்ட மனத்துக்குப் பதில் சொல்லி உட்கார வைப்பதை வாரத்தில் பல தடவை பழக வேண்டியிருக்கிறது. நோன்பு என்றால் சோற்றை விடுவது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஓடும் இறாலை விட்டுக் கரையில் நிற்பதும் நோன்புதான்.

இப்படிப் பழகிய ஊர்களில் சின்னச் சின்ன வழக்கங்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. படகைக் கரையேற்றக் கை கொடுத்தவருக்குக் குழம்புக்கு நாலு மீன். சோழமண்டலக் கரையின் பல குப்பங்களில் ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. இறந்தவர் வீட்டோடு நேற்றுவரை பேச்சுவார்த்தை இல்லாதவரும் படகைத் தள்ள மாட்டார். ஒரு நாள் வருமானம் அப்படியே போகிறது. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கிரேக்கத் தீவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட ஒன்றைச் சொல்வதுண்டு. ஏஜியன் கடலில் இக்காரியா என்று ஒரு தீவு. அங்கே ஊர்த் திருவிழா என்றால் எல்லோரும் ஒரே பந்தியில் உண்டு, ஆடி, அதில் மிஞ்சும் பணத்தைச் சாலைக்கும் பள்ளிக்கும் ஊர்ப் பொது வேலைக்கும் செலவிடுவார்கள். 1940-களின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிரேக்க அரசு ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளை அந்தத் தீவுக்கு அனுப்பியது. இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராக்கிஸும் அவர்களில் ஒருவர். தீவு மக்களுக்கே சாப்பாடு தட்டுப்பாடாக இருந்த காலம். இருந்தும் வந்தவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தார்கள். சாலிஹோத்திரரின் குடிலில் நடந்ததும் இதுதானே. பங்கு போதாத வீட்டில்தான் விருந்தாளி வந்து நிற்கிறார்.

இந்த ஊர்களின் வாழ்க்கையை இப்படியே புகழ்ந்துகொண்டு போவது சுகம். ஆனால் பழவேற்காடு அதற்கு விடாது. அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. மனித வாழ்வின் நிலையாமையை நினைவூட்டுவதற்கு வைத்தார்களாம். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கம்பெனி, இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான நம் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியது. நிலையாமையைக் கல்லில் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்து மனிதனின் உயிர் தெரியவில்லை. ஆன்மிகம் பேசுகிற எவரும் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது.

பாடு முறைக்கும் ஒரு வேலி உண்டு. அது பட்டினவர் சமூகத்து ஆண்களின் உரிமை. பெண்களுக்குச் சீட்டு இல்லை, மற்றச் சமூகத்தாருக்கும் இல்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு, எங்களுக்கும் ஏரியில் இடம் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். சண்டைகள் வந்தன. முறை தவறாமல் பங்கு வைக்கத் தெரிந்த ஊர், பங்காளி யார் என்ற கேள்வி வந்ததும் திணறியது. அதில் ஊரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏரி தூர்ந்துகொண்டே வருகிறது, முகத்துவாரம் மணலடைத்துப் போகிறது, தெற்கே எண்ணூர் வரை அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்துவிட்டன. சுருங்குகிற பாத்திரத்தில் பங்கு வைப்பது யாருக்கும் கடினம்.

ஏரியின் ஆழமில்லாத ஓரங்களில் இருளர் பெண்கள் இறங்குகிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, குனிந்து, சேற்றை இரு கையாலும் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். மணிக்கணக்காக நீரில். வாயில் பறி இருப்பதால் பேசவும் முடியாது. எந்தச் சீட்டிலும் பெயர் இல்லாதவர்கள் இவர்கள். தலவரலாற்றுக் கிழவர் இந்தக் காலத்தில் வந்தால் எந்த உருவத்தில் வருவார் என்று யோசித்தால் எனக்கு இந்தப் பறிதான் கண்முன் வருகிறது.

மேற்கே கும்மிடிப்பூண்டிக்கு வந்தால் உலகம் வேறு. சிப்காட் வளாகம், இரும்பு உருக்கும் ஆலைகள், ஷிப்டு முடிந்து சைக்கிளில் போகும் பீகார், ஒடிசா இளைஞர்கள். இங்கே ஏரி இல்லை, ஊர்ப் பஞ்சாயத்தும் குலுக்கலும் இல்லை. ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது, பல நேரம் மொழியும் தெரியாது. ஆனாலும் சென்னையிலிருந்து வரும் மின்சார ரயிலில் ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவதாக ஒருவர் வந்து நிற்பார். "தம்பி, கொஞ்சம் நகரு" என்றால் மூவரும் நகர்வார்கள். பாதி உடம்பு வெளியில் தொங்க, நான்காமவர் உட்கார்ந்துவிடுவார். எழுதப்படாத இந்தச் சட்டத்தை இதுவரை எந்த ரயில்வே அதிகாரியும் போடவில்லை. வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கும் அதே சைகை, அதே நகர்தல்.

கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அகதிகள் முகாம் என்றிருந்த பெயரைத் தமிழ்நாடு அரசு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். இக்காரியாவுக்கு வந்த கைதிகளில் பலர் பின்னர் ஊர் திரும்பினார்கள். இவர்களில் பலருக்குத் திரும்பவும் வழியில்லை, இந்த நாட்டின் குடிமக்களாகவும் முடியவில்லை. "எங்கே படுக்கட்டும்?" என்ற கேள்வியோடு முப்பது வருடத்துக்கு மேல் வாசலில் நிற்கும் விருந்தாளிகள். படுக்க இடம் கொடுத்தோம், உண்மைதான். முனிவர் கொடுத்தது தன் குடிலை.

இந்த மண்ணுக்கு இன்னொரு நினைவும் உண்டு, அதிகம் பேர் சொல்வதில்லை. வடலூர் வள்ளலார் 1823-இல் மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட, தாய் சின்னம்மையார் ஐந்து பிள்ளைகளோடு தன் பிறந்த ஊருக்கு வந்தார். அது பொன்னேரிக்குப் பக்கத்திலுள்ள சின்னக்காவணம். பிறகுதான் சென்னை. கணவனை இழந்த பெண், ஐந்து வாய்கள். அந்த நாட்களில் யார் வீட்டு உலையில் அவர்களுக்கும் சேர்த்து அரிசி போட்டார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. சாலிஹோத்திரரின் நடு வருடம் போல அதுவும் எழுதாமல் விடப்பட்ட காலம். யாரோ போட்டார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, பசித்தவரின் சாதி கேட்காமல் சோறு போட வேண்டும் என்று 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியது. அந்த அடுப்பு இன்றைக்கும் எரிகிறது.

ஜீவகாருண்யம் என்பதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு மலைத்துப்போகிறோம். வள்ளலார் அதைப் பசியிலிருந்து தொடங்கினார். பழவேற்காட்டுக் குப்பங்கள் அதை நாள் முறையிலிருந்து தொடங்கின. ரயில் பயணிகள் அரை அடி இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு இந்த மூன்றாவது வழிதான் கைக்கு எட்டுகிறது. அதிலும் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் நகர மனம் வருவதில்லை.

விடுமுறை நாளில் பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் நண்டும் இறாலும் வாங்காமல் திரும்புவதில்லை. போனால், பெரிய கூடைகளைத் தாண்டிக் கொஞ்சம் ஓரத்தில் பாருங்கள். கையால் தடவிப் பிடித்த இறாலைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவரிடம் வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம், அவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.