பெயர் கேட்பவரின் பெயர்

வாசலில் நிற்பவரிடம்தான் எப்போதும் கேள்வி. “யாருப்பா நீ, எங்கேருந்து வர்ற?” கேட்கிறவர் யாரென்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இது நியாயமா?

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கிடையே 2003 வாக்கில் தொடங்கிய ‘எடுரோம்’ ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர், தன் சொந்தக் கடவுச்சொல்லாலேயே அங்குள்ள இணைய வலைக்குள் நுழையலாம். சரிபார்ப்பது அவருடைய சொந்த நிறுவனத்தின் ரேடியஸ் சர்வர். போன இடத்தில் தன் பெயரை மறைத்து, நிறுவனத்தின் முகவரியை மட்டும் காட்டினாலும் போதும்.

2009இல் வெளியான ஆர்எஃப்சி 5580, வாசலைத் திறக்கிறவரும் தன் பெயரைச் சொல்ல வழி செய்தது. 126ஆம் எண்ணுள்ள ‘ஆபரேட்டர் நேம்’ என்ற பண்பு அது. அனுப்பும் கோரிக்கையோடு ‘1’ என்ற குறியும் தன் டொமைன் பெயரும் சேர்ந்து போகும்படி சர்வரில் விதி எழுதிவைக்கலாம். அப்படிப் பெயர் சொன்ன இடத்துக்கு, மாணவரைக் குறிக்கும் மறைகுறி ஒன்றை வீட்டு சர்வர் கொடுக்க முடியும். இடத்துக்கு இடம் அது வேறாக இருக்கும். தப்பு நடந்தால் அந்தக் குறியைத் தடுத்தால் போதும், ஆளின் பெயர் வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிக்கலும் இருக்கு. மாணவர் எங்கெங்கே போனார் என்பது இப்போது வீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருத்தர் கண்ணுக்குத் தப்பி இன்னொருத்தர் கண்ணில் மாட்டுவதா விடுதலை?

அடையாளம் கேட்பது குற்றமில்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்பதுதான் குற்றம். எழுதிவச்சதை எத்தனை நாள் வச்சிருப்பீங்க, யாருக்குக் காட்டுவீங்க என்று உள்ளே வருகிறவரும் கேட்கட்டும். விதி எழுதுகிறவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.