பாலன் பிறந்த திருநாளும் வீட்டுக் கணக்கும்



ஆகமன காலம் பிறந்துவிட்டது. இன்னும் நாலு வாரத்தில் சேசு பாலன் பிறந்த திருநாள். ஆத்தும ஆயத்தத்தைப் பற்றியும் நல்ல பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியும் வருகிற ஞாயிறுகளில் பேசுவோம். இன்றைக்குப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சாமியார் பணமென்று வாயெடுத்தால் கோவில் வரிதான் என்று நினைத்து இந்தத் தாளை மடித்துவிடாதேயுங்கள். திருநாளுக்கு உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் வாங்கப்போகிற பரிசைப் பற்றித்தான் பேச்சு.

போன வருஷம் மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்த வாரத்தில் நூல் மில் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரையும் தெருவையும் சொல்ல மாட்டேன். இதை எழுதச் சம்மதித்ததே அந்த வீட்டாரின் பெரிய மனது. நடையில் புதுச் சைக்கிள் ஒன்று நின்றது. கைப்பிடியில் சுற்றிய ஜிகினாத் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தற்செயலாக அவள் காதைப் பார்த்தேன். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. கேட்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளாகச் சொன்னாள்: “எதிர்த்த வீட்டுப் பையன் சைக்கிள் வச்சிருக்கான் சாமி. இவன் ராத்திரி செபத்துல தினமும் சேசு பாலன்கிட்ட சைக்கிள் கேட்டுக்கிட்டே இருந்தான். காதுல விழுந்த பிறகு சும்மா இருக்க முடியுமா?”

தோடு 8,000 ரூபாய்க்கு அடகுக் கடைக்குப் போயிற்று. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. மாதம் 160 ரூபாயாகிறது. பதினோரு மாதத்துக்கு 1,760 ரூபாய். அசலில் ஒரு காசும் குறையவில்லை. தோடும் இன்னும் வீடு திரும்பவில்லை. வட்டிக்குப் போன அந்தப் பணத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் புதுத்துணி எடுத்திருக்கலாம்.

பையனுக்குப் பத்து வயது. பூசைக்கு உதவுகிறவன். ஆடி மாதத்தில் ஒருநாள் காலைப் பூசை முடிந்து அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான்: “சேசு பாலன்தான் சைக்கிள் குடுத்தார்னு அம்மா சொன்னாங்க சாமி. அன்னைக்குச் சண்டையில அப்பத்தா சொல்லித்தான் தெரியும், தோட்டை வச்சு வாங்குனதாம். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்.” அதன்பிறகு அவன் அந்தச் சைக்கிளைத் தொடுவதில்லை என்று தகப்பனார் சொன்னார்.

இந்த வீட்டாரிடம் ஊதாரித்தனம் கிடையாது. குடியில்லை, சீட்டாட்டமில்லை. பிள்ளைமேல் இருந்த பட்சத்தினால்தான் கடன் பட்டார்கள். ஆனபடியால்தான் இதை உங்களுக்குச் சொல்லுகிறேன். கெட்டுப்போனவனுக்குப் புத்தி சொல்லுவது இலேசு. பாசத்தினால் கடன்படுகிறவனுக்குச் சொல்லுவதுதான் கஷ்டம்.

அந்தப் பையன் சொன்ன வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள். பரிசு சிறிதாயிருந்திருந்தால் அவன் ஒரு நாள் அழுதிருப்பான். உண்மையை மறைத்ததினால் பல மாதம் வருந்தினான். பிள்ளைகளிடம் “சேசு பாலன் கொண்டுவருவார்” என்றும், இப்போது பாட்டுக் கோஷ்டியோடு மேளம் கொட்டி வருகிற கிறிஸ்மஸ் தாத்தாவைக் காட்டி “தாத்தா கொடுப்பார்” என்றும் சொல்லுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கேட்க இனிமையாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பாலன் சைக்கிள் கொடுக்கிறார், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பென்சில் பெட்டி கொடுக்கிறார் என்றால், பென்சில் பெட்டிக்காரன் என்ன நினைப்பான்? மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்குப் பணக்காரப் பிள்ளைமேல்தான் பிரியம் என்றல்லவா நினைப்பான்? பெரியவர்களாகிய நாம் செய்கிற செலவை மோட்சத்தின் கணக்கில் எழுதினால் இந்த வில்லங்கம் வந்துதான் தீரும்.

கிறிஸ்மஸ் தாத்தாவின் கதை யாரிடமிருந்து வந்தது? மீரா பட்டணத்து மேற்றிராணியாராயிருந்த அர்ச். நிக்கொலாஸிடமிருந்து வந்தது. டிசம்பர் 6-ந் தேதி அவருடைய திருநாள். சீதனம் கொடுக்க வகையில்லாமல் மூன்று குமரிகளை வைத்துக்கொண்டு தவித்த ஒரு தகப்பனுடைய வீட்டில், இராத்திரி வேளையில் யாருக்கும் தெரியாமல் மூன்று முறை பொற்காசுப் பையைப் போட்டுவிட்டு வந்தார் என்பது பரம்பரை வரலாறு. அவர் மறைவாய்க் கொடுத்தது பிறத்தியார் பிள்ளைகளுக்கு. வாங்குகிறவன் வெட்கப்படக்கூடாதென்று முகத்தை மறைத்தார். தன் பிள்ளைக்குத் தன் உழைப்பினால் ஒரு சட்டை வாங்கிக் கொடுக்கிற தகப்பன் எதற்காக மறைய வேண்டும்? “இது அப்பா இரண்டு வாரம் இராத்திரி ஷிப்டு பார்த்து வாங்கினது” என்று சொல்லிக் கொடுங்கள். எளியவருக்குக் கொடுப்பதை நிக்கொலாஸைப்போல் ஒளித்துக் கொடுங்கள். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாய்ச் செய்கிறோம்.

“கொஞ்சமாய்க் கொடுத்தால் ஊரார் என்ன சொல்வார்கள் சாமி?” என்று கேட்பீர்கள். திருக்குடும்பத்தையே பாருங்கள். தலைப்பிள்ளையைத் தேவாலயத்தில் காணிக்கையாக்கப் போன நாளில் தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் என்ன கொண்டுபோனார்கள்? பிள்ளை பெற்றவள் ஒரு வருஷத்து ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் செலுத்த வேண்டும் என்றும், ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாவே செலுத்தினால் போதும் என்றும் மோயீசனுடைய சட்டத்தில் இருந்தது. அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தில் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. புறாக்களை மட்டுமே சொல்லுகிறார். அதாவது ஏழைகளுக்கென்று வைத்திருந்த காணிக்கையை, ஜெருசலேம் ஜனங்கள் அத்தனை பேரும் பார்க்கும்படியாகக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். சூசையப்பர் தச்சர். நாலு பேரிடம் கைமாற்று வாங்கி ஆட்டுக்குட்டி வாங்க அவருக்கும் தெரிந்திருக்கும். வாங்கவில்லை. இராசாக்களின் பொன் வந்ததே என்றால், அது அவர்கள் கேளாமல் வந்தது. எகிப்துக்கு ஓடினபோது வழிச்செலவுக்கு அது உதவியிருக்கும் என்று பெரியோர்கள் சொல்வதுமுண்டு.

இப்போது நம்முடைய ஊர்ச் சங்கதிக்கு வருவோம். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-ஆம் வருஷத்தில் இராஜபாளையம் மில்லை நிறுவிய காலந்தொட்டு இந்தப் பக்கத்தில் நூலும் பஞ்சும்தான் அநேக வீடுகளுக்குச் சோறு போடுகின்றன. மில்லில் கையில் மொத்தமாய்ப் பணம் கிடைப்பது போனஸ் நாளில்தான். 1965-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 4 சதவீதமாய்த் தொடங்கிய குறைந்த அளவு பிறகு 8.33 ஆயிற்று; கணக்கில் எடுக்கிற வருஷக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தப் பணம் வருவது தீபாவளிக்கு. நம்முடைய திருநாள் அதற்கு ஆறு வாரத்திலிருந்து பத்து வாரம் கழித்து வருகிறது! தீபாவளியன்று தெருப்பிள்ளைகள் எல்லாரும் புதுத்துணியும் சிவகாசி வெடியுமாய் நிற்கையில் நம் பிள்ளை மட்டும் பழஞ்சட்டையோடு நிற்கச் சகிக்காமல் நாமும் எடுக்கிறோம். அதற்காக நான் கோபிக்கவில்லை. அவர்கள் வீட்டு அதிரசம் நமக்கு வருகிறது, நம் வீட்டு முறுக்கு அவர்களுக்குப் போகிறது. இந்த அந்நியோந்நியம் நல்லது. ஆனால் டிசம்பர் பிறக்கும்போது போனஸில் ஒரு தம்பிடி மிச்சமில்லை. அப்போதுதான் அடகுக் கடையின் வழி தெரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கும், சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக்காரர்களுக்கும் இருப்பதெல்லாம் வாரக்கூலிதான். அவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் ஒரு படி அதிகம்.

(சத்திரப்பட்டித் தறிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். தேவமாதா தன் பிள்ளையைச் சுற்றி வைத்ததும் இப்படிப்பட்ட நீளத் துணிதானே. உலக இரட்சகருக்குக் கிடைத்த முதல் திருநாள் உடுப்பு அது.)

கடனில் தங்க நகைக் கடன் சாதுவானது. மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று வாசலுக்கு வந்து நிற்கிற கடனோ பாம்பு. அதைத் தடுக்க 2003-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அப்படியும் 2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், நமக்குப் பக்கத்திலிருக்கிற திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில், வட்டிக் கொடுமை தாளாத ஒரு தகப்பனும் தாயும் இரண்டு பச்சைக் குழந்தைகளும் தீயில் மாண்டார்கள். திருநாளுக்கென்று வாங்குகிற கடன் எந்த நாளில் எந்த வாசலில் போய் முடியும் என்று வாங்குகிற அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இப்போது செல்போனிலேயே தவணைக்குச் சாமான் வாங்குகிறீர்கள். “வட்டியில்லை” என்று போட்டிருந்தாலும் ஒரு தவணை தப்பினால் அபராதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டவர் நமது ஆண்டவர். பதினொரு நிலைக் கோபுரத்தைத் தினந்தோறும் அண்ணாந்து பார்க்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. ஆண்டவர் “உட்கார்ந்து” என்று சொன்னதைக் கவனியுங்கள். ஜவுளிக் கடையில் நின்றுகொண்டு, பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுக்கும்போது போடுகிற கணக்கு ஒரு கணக்காகாது.

ஒரு வீட்டார் என் முன்னால் போட்ட கணக்கைச் சொல்லுகிறேன். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். கடனில்லாமல் ஒதுக்க முடிந்தது 6,000 ரூபாய். துணிக்கு 2,800 என்றார்கள். தீபாவளிக்கு எடுத்த சேலையையே அம்மாள் நடுச்சாமப் பூசைக்குக் கட்டிக்கொள்வதாகச் சொன்னதால் அது போதுமானது. முறுக்கு, அதிரசம், அண்டை வீடுகளுக்குக் கொடுக்கிற பலகாரம் எல்லாவற்றுக்கும் 1,300. திருநாள் சாப்பாட்டுக் கறிக்கு 800. ஏழைகளுக்கு 500, இதைக் கடைசியில் மிஞ்சினால் பார்ப்போம் என்று விடாமல் முதலிலேயே எழுதச் சொன்னேன். மீதி 600. பிள்ளைக்கு 300 வீதம் பரிசு. அவ்வளவுதானா என்று தகப்பனாருக்கு முகம் வாடிற்று. அப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள், “எனக்கு வேண்டாம்ப்பா, தம்பிக்கு 600-க்கும் கிரிக்கெட் மட்டை வாங்கிக் குடுங்க, அடுத்த வருஷம் எனக்கு” என்றாள். தகப்பன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மட்டைக்கு 450 ஆயிற்று என்றும், மிச்சம் 150-க்கு மகளுக்கு வளையல் வாங்கினார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷத்துக்கு வழி இப்போதே பார்க்கலாம். பலகாரச் சீட்டு நம் பெண்களுக்குப் பழக்கமானதுதான். அன்பியத்துப் பெண்கள் பத்துப் பேர் மூன்று இராசாக்கள் திருநாள் முதல் வாரம் 50 ரூபாய் போட்டு வந்தால், ஆகமன காலத்துக்குள் ஒவ்வொருவருக்கும் 2,300 ரூபாய்போல் சேரும். ஆனால் முகம் தெரியாதவனிடம் கட்டாதேயுங்கள். பணத்தை ஒருத்தி வீட்டுப் பெட்டியில் வைக்காமல் தபாலாபீசிலோ பாங்கியிலோ போடுங்கள். போனஸ் வாங்குகிற அன்றைக்கே அதில் ஒரு பங்கைத் திருநாளுக்கென்று மடித்துப் பெண்சாதி கையில் கொடுத்துவிடுங்கள், புருஷர்களே. உங்கள் சட்டைப் பையை நான் நம்பவில்லை.

பணம் கொடாமல் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற சந்தோஷமும் உண்டல்லவா? அசிசியார் அர்ச். பிரான்சீஸ்கு 1223-ஆம் வருஷத்தில் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் முதன்முதலாகக் குடில் காட்டினபோது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான் தேடினார். நம் பிள்ளைகளுக்கு மலை செய்ய மாதிரிக்கா பஞ்சம்? இராஜபாளையத்தில் எந்த மாடியில் நின்றாலும் மேற்கே மலை தெரிகிறது. பழைய சாக்கை நனைத்துக் கரியும் செம்மண்ணும் பூசி அப்படியே மடிப்பு மடிப்பாய்ச் செய்யலாம். டிசம்பர் 14, 15 வாக்கில் சிரட்டைகளில் கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் திருநாளுக்குக் குடிலைச் சுற்றிப் பச்சைப் புல் தயார். மூங்கில் சிம்பும் வர்ணத் தாளும் வாங்கி நட்சத்திரம் கட்டத் தாத்தாமாருக்குத் தெரியும்; கேட்கத்தான் ஆளில்லை. கடைக் குடில் 2,000 ரூபாய்க்கு வந்து அரைமணி நேரத்தில் வைத்தாகிறது. வீட்டில் செய்கிற குடிலோ பத்து நாள் பிள்ளைகளைக் கட்டிப்போடும், அண்ணன் தங்கைச் சண்டைகள் உட்பட.

சைக்கிள் வாங்கின அந்த வீட்டுக்குப் போன புதன்கிழமை மறுபடியும் போனேன். அப்பாவும் மகனும் தரையில் ஒரு நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருஷத் திருநாளுக்கு என்ன வேண்டுமென்று பையனையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியில் “அம்மா தோடு” என்று எழுதி, பக்கத்தில் 8,000 என்று போட்டு, அதற்குக் கீழே மாதம் எவ்வளவு கட்டினால் எப்போது தீரும் என்று வகுத்துக்கொண்டிருந்தான். வகுத்தலில் ஒரு தப்பு இருந்தது. பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.