கேட்டால் சொல்லலாம்

போன மாதம் ஒரு பழைய லென்ஸ் விற்றேன். ஒரே வரியில் சொல்லிவிட்டேனே தவிர, அதற்காக ஒரு ராத்திரித் தூக்கம் போயிற்று.

500 எம்.எம். மிரர் லென்ஸ். தூரத்துப் பறவையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். உள்ளே இரண்டு கண்ணாடிகள். வெளிச்சம் பின்னால் முட்டி, முன்னால் முட்டி, மறுபடி பின்னால் வந்து கேமராவுக்குள் போகும். பாதையை இப்படி மடித்து வைத்திருப்பதால், முழங்கை நீளம் இருக்கவேண்டியது பூஸ்ட் டப்பா சைஸுக்குள் அடங்கிவிடுகிறது. விலையும் சல்லிசு. பதிலுக்குச் சில தொல்லைகள். எஃப் 8 தவிர வேறு அபர்ச்சர் கிடையாது. ஃபோகஸைக் கையால்தான் திருகவேண்டும். பின்னணி விளக்குகள் எல்லாம் மெதுவடை மாதிரி ஓட்டையோடு விழும்.

இவை ஊரறிந்த குறைகள். ஊரறியாதது ஒன்று இருந்தது: ஃபங்கஸ். சென்னைப் புழுக்கத்தில் பீரோவில் பூட்டிவைத்தால் லென்ஸுக்கும் பூஞ்சை பிடிக்கும். முன் கண்ணாடியின் உள்பக்க ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஐந்தாறு இழை. டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். 2009-ல் நான் வாங்கும்போதே இரண்டு இழை இருந்தது. விற்றவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

வந்த பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். ‘‘என்னோடது மிரர்லெஸ் கேமரா அங்கிள், அடாப்டர் போட்டு மாட்டிக்குவேன்’’ என்றான். மிரர் இல்லாத கேமராவுக்கு மிரர் லென்ஸ்! ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். டார்ச் அடிக்கவில்லை. 5,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு, ‘‘நாளைக்குப் பணத்தோட வரேன்’’ என்று கிளம்பிவிட்டான்.

ராத்திரி, பி.காம்.மில் படித்த மெர்க்கன்டைல் லா ஞாபகத்துக்கு வந்தது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. அதில் ஒரு குதிரை வரும். கோளாறு இருப்பது தெரிந்தே, எதுவும் சொல்லாமல் ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான். மோசடியா? இல்லை என்கிறது சட்டம். இதை எழுதி மார்க் வாங்கியவன் நான்.

அடுத்த உதாரணம்தான் இடித்தது. வாங்குவது அவன் மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால், சொல்லியே ஆகவேண்டும். அதே குதிரை, அதே கோளாறு. நம்பி வருகிறவளிடம் மௌனம் செல்லாது. சரி, என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு, டார்ச் அடிக்காமல் போனானே, அவன் எந்தக் கணக்கு?

இந்தச் சண்டை புதுசில்லை. கி.மு. 44-ல் சிசரோ எழுதிய புத்தகத்தில், குறையுள்ள வீட்டை விற்பவன் அதைச் சொல்லவேண்டுமா என்று இரண்டு தத்துவவாதிகள் மோதுகிறார்கள். ‘வாங்கு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே’ என்பது டயோஜெனஸ் கட்சி. ‘வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதைவிட இது மோசம்’ என்பது ஆன்டிபேட்டர் கட்சி. சிசரோவின் ஓட்டு ஆன்டிபேட்டருக்கு.

எனக்குள் இருந்த வக்கீல் விடவில்லை. ‘உனக்கு விற்றவர் சொன்னாரா? படத்துலதான் தெரியாதே, சொல்லி என்ன ஆகப்போகுது?’ முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஏமாந்தவன் என்பது ஏமாற்ற லைசென்ஸ் ஆகாது. இரண்டாவதுதான் படுத்தியது. புரண்டு படுத்தபோது பிடிபட்டது. சொல்வதால் எதுவும் ஆகாது என்றால் சொல்லிவிட்டுப் போகலாமே, நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது? ஏதோ ஆகும் என்று தெரிவதால்தான். நான் மறைத்தது பூஞ்சையை மட்டுமில்லை. அந்த விஷயம் தெரிந்தால் அவன் குறைத்துக் கேட்கப்போகிற பணத்தையும்தான்.

காலையில் பையன் வந்ததும் டார்ச்சைக் கையில் கொடுத்து, எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். கடைசியில் 3,500-க்கு முடிந்தது. ‘‘வலிய சொல்லி ஆயிரத்து ஐந்நூறு விட்டாச்சா?’’ என்றாள் மனைவி. அதுகூடப் பரவாயில்லை.

‘நேற்றே ஏன் சொல்லலை அங்கிள்?’ என்று அந்தப் பையன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.